முயிறும் குளவியும்

நுழையும்முன்

தான் பெற்ற சேயைத் தாய் பேணுவது உயிர்களின் இயல்பு. தான் பெறாத சேயைப் பேணவும், தான் உண்டதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து பிறர்க்கு ஊட்டவும், அதற்காகத் தன் வாழ்நாளையே செலவிடவும் சில சிற்றுயிர்கள் முன்வருகின்றன. மாந்தோப்பிலும் சன்னல் மேலும் அன்றாடம் கண்டு, கடிக்கும் கொட்டும் என்று அஞ்சி விலகிச் செல்லும் இரண்டு பூச்சிகளின் இல்லறத்தை இப்பாடம் ஒப்பிட்டுக் காட்டுகிறது.

ஆற்றங்கரையில் இரு குடும்பங்கள்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் அமைந்த ஊர் மோகனூர். கனி கிடைக்காத சினத்தில் தனித்து நடந்த முருகனைப் பின்தொடர்ந்த அன்னை, ‘மகனே’ என்று அழைத்த இடம் இது என்பர். ‘மகனூர்’ என்பதே மோகனூர் என மருவிற்று என்பது அவ்வூர்த் தலவரலாறு. பெயர்க்காரணம் எதுவாயினும், சேயைத் தேடிவந்த தாயின் கதையைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது.

சேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராஜவாய்க்காலும் அதனைச் சார்ந்த மோகனூர் வாய்க்காலும் அப்பகுதியை வாழையும் கரும்பும் வெற்றிலைக்கொடியும் தென்னையுமாகச் செழிக்கச் செய்துள்ளன. இத்தகைய ஆற்றங்கரைத் தோப்புகளில் மாங்காய் பறிக்க ஏறுபவர் முதலில் நோக்குவது காயை அன்று. கிளையில் முசிறு இருக்கிறதா என்பதையே நோக்குவர். பச்சை இலைகளைச் சேர்த்துப் பந்துபோல் ஒட்டிய கூடுகள் தென்பட்டால் வேறு கிளையை நாடுவர். அதேபோல், ஆளில்லாத வீட்டின் சன்னலைத் திறப்பவர், அதன் சட்டத்தில் சாம்பல் நிறக் கூடு ஏதேனும் தொங்குகிறதா என்று பார்த்த பின்னரே கைவைப்பர். முன்னது எறும்பின் மனை. பின்னது குளவியின் மனை. இரண்டும் ஒரே பூச்சி வரிசையைச் சேர்ந்தவை, தேனீக்களும் அவ்வரிசையினவே. ஆயினும் ‘பேணுதல்’ என்னும் ஒரே தொழிலை இவ்விரண்டும் வெவ்வேறு வழியில் நடத்துகின்றன.

இலை தைக்கும் இனம்

இன்று முசிறு, முசுறு என வழங்கும் எறும்பைச் சங்கப் புலவர்கள் முயிறு என்றனர். நற்றிணையின் மருதத்திணைப் பாடல் ஒன்றில் இவ்வெறும்பு இடம்பெறுகிறது. வயல்வெளி நாரை உராய, மரத்திலிருந்த முயிற்றுக்கூடு கலைகிறது; செந்நெல்லும் வெள்ளரிசியும் கலந்து சிதறியதுபோல எறும்புகளும் அவற்றின் முட்டைகளும் பரவிக் கிடக்கின்றன என்று புலவர் உவமிக்கிறார். இவ்வுவமையின் நுட்பம் நிறத்தோடு நின்றுவிடவில்லை. கூடு கலைந்த வேளையில் எறும்பும் முட்டையும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கும் என்பதைக் கண்ணால் கண்டவரே இப்படி எழுத முடியும்.

அறிவியலார் இவ்வெறும்புக்கு இட்ட பெயர் ஈக்கோஃபில்லா ஸ்மரக்டினா. ஈக்கோஃபில்லா என்பது இலைவீடு எனவும், ஸ்மரக்டினா என்பது மரகத நிறத்தது எனவும் பொருள்படும். நம் தோப்புகளில் செம்பழுப்பாய்த் திரியும் எறும்புக்கு மரகதப் பெயர் பொருந்துமா என்று ஐயுறலாம். அதன் அரசி பச்சை சாயலுடையது. ஆஸ்திரேலியாவில் வாழும் இதே இனத்து எறும்புகளின் வயிறும் பச்சை நிறமே. 1775ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபப்ரீசியஸ் இவ்வினத்தை முதன்முதலில் அறிவியல் முறையில் விவரித்தார்.

கூடுகட்டும் வேலை இலையை வளைப்பதில் தொடங்குகிறது. எறும்புகள் இலையின் ஒரு விளிம்பில் வரிசையாக நின்று, அடுத்த இலையின் விளிம்பை வாயால் கவ்வி இழுக்கின்றன. இடைவெளி ஓர் எறும்பின் நீளத்தைவிட மிகுமாயின், ஒன்றன் இடையை மற்றொன்று கவ்விச் சங்கிலியாகின்றன. பல சங்கிலிகள் ஒருசேர இழுக்க, விறைப்பான மாவிலையும் வளைந்து கொடுக்கிறது. வளைந்த இலை மீண்டும் விரியாதிருக்க வேண்டுமே. அதற்கு ஒட்டுப்பொருள் வேண்டும். வளர்ந்த எறும்புகளிடம் அப்பொருள் இல்லை.

அதனை அளிப்பவை குழந்தைகள். புழுப்பருவத்தின் இறுதியை எட்டிய இளம்புழுக்களை வேலைக்கார எறும்புகள் கூட்டின் உள்ளிருந்து வாயில் ஏந்திக் கொணர்கின்றன. உணர்கொம்புகளால் புழுவின் தலையை மெல்லத் தட்டி, அதன் வாயை இலையின் ஒரு விளிம்பில் தொடச் செய்ய, அங்கே பட்டிழை ஒட்டிக்கொள்கிறது. பின்னர்ப் புழுவை மறு விளிம்புக்குக் கொண்டுசென்று அங்கும் தொடச் செய்கின்றன. தறியில் நாடா ஓடுவதுபோல இப்புழு இங்குமங்குமாகச் சென்று வர, வெண்ணிறப் பட்டுப்படலம் உருவாகி இலைகளை இணைக்கிறது. நெய்பவர் தாம் இழை தருவதில்லை. இழை தருபவர் தாமாக நகர்வதில்லை. பெரியோரின் கையும் சிறியோரின் பொருளும் கூடிய பின்னரே மனை எழுகிறது.

இப்பட்டிழை புழுவுக்கு எளிதில் கிடைத்த பொருள் அன்று என்பதையும் கருத வேண்டும். எறும்பினங்கள் பலவற்றில், புழு தன்னைச் சுற்றி ஓர் உறை பின்னிக்கொண்டு அதனுள் கூட்டுப்புழுவாக மாறும். முயிற்றின் புழுவோ தன் பட்டினை முழுமையும் பொதுமனைக்கு ஈந்துவிடுகிறது. தனக்கென உறை பின்னுவதே இல்லை. உறையின்றி வெறுமேனியாய்க் கிடக்கும் கூட்டுப்புழுவைச் சுற்றி, அது தந்த இழையாலான வீடே உறையாக அமைகிறது.

ஊட்டுதலும் ஊட்டப்படுதலும்

இவ்வெறும்புகளில் வேலைக்காரர் இரு அளவினர். நீண்ட கால்களையுடைய பெரிய எறும்புகள் வெளியே சென்று இரை தேடுதல், போரிடுதல், மனை கட்டுதல் ஆகியவற்றை மேற்கொள்கின்றன. சிறிய எறும்புகள் பெரும்பாலும் இலைக்கூட்டைவிட்டு அகல்வதில்லை. முட்டைகளையும் இளம்புழுக்களையும் நக்கித் தூய்மை செய்தலும் ஊட்டுதலும் அவற்றின் பணிகள். செதிற்பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும் மரச்சாற்றை உறிஞ்சி வெளியிடும் இனிய நீரைத் திரட்டும் பணியிலும் இச்சிற்றெறும்புகளுக்குப் பங்குண்டு.

எறும்பின் உடலுக்குள் இரண்டு இரைப்பைகள் உள்ளன. ஒன்று தனக்காகச் செரிக்கும் இரைப்பை. அதற்கு முன்னதாக அமைந்த மற்றொன்று செரிக்காமல் சேமித்து வைக்கும் பை. இதனை அறிவியலார் சமூக இரைப்பை என்பர். வயிறு நிறைந்து திரும்பும் எறும்பு, எதிர்ப்படும் பசித்த எறும்பின் வாயோடு வாய் வைத்து இப்பையிலுள்ள நீருணவைத் துளித்துளியாக வழங்கும். ஓர் எறும்பு கண்டடைந்த இனிப்பு இவ்வாறு கைமாறிக் கைமாறி, கூட்டைவிட்டு வெளியேறாத செவிலி எறும்புக்கும் அதன் வழியாகப் புழுக்களுக்கும் சென்று சேர்கிறது. ஒரு குடியின் கூடுகள் பல மரங்களில் பரவியிருக்கலாம். எறும்புகளின் எண்ணிக்கை இலட்சங்களை எட்டலாம். அத்தனைக்கும் அரசி பெரும்பாலும் ஒன்றே. அரசிக்கு ஊட்டும் முறை இன்னும் வியப்பானது. பெரிய வேலைக்கார எறும்புகள் குஞ்சு பொரிக்காத ஒருவகை முட்டைகளை இடுகின்றன. அவை பிள்ளைக்காக இடப்பட்டவை அல்ல. அரசி உண்பதற்காக இடப்பட்டவை. வேறோர் உயிரில் தாய்மைக்கு உரியதாக இருந்த ஆற்றல் இங்கே உணவாக உருமாறிவிட்டது.

அரசியும் ஒருகாலத்தில் செவிலியாக இருந்தவளே. மணப்பறப்பு முடிந்ததும் சிறகுகளை உதிர்த்து, ஓர் இலைமடிப்பில் ஒடுங்கி, அவள் முதல் முட்டைகளை இடுகிறாள். வெளியே சென்று இரை தேடுவதில்லை. இனிப் பயன்படாத பறப்புத்தசைகளையும் உடற்கொழுப்பையும் கரைத்தே முதல் புழுக்களுக்கு ஊட்டுகிறாள். அப்புழுக்கள் வளர்ந்து வேலைக்கார எறும்புகளானதும் பேணும் தொழிலை அவை ஏற்றுக்கொள்கின்றன. அவள் முட்டையிடுவதோடு அமைகிறாள்.

முயிற்றின் சமூக வாழ்வை விரிவாக ஆராய்ந்தவர்களுள் பெர்ட் ஹோல்டாப்ளர், எட்வர்ட் வில்சன் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். குடியின் எல்லையோரத்தில் தனிக்கூடுகள் இருப்பதும், அவற்றில் முதிய எறும்புகளே மிகுந்திருப்பதும் ஆய்வுகளால் தெரியவந்தன. பகைக்குடியோடு முதலில் மோதி மடிபவை இவையே. மனிதர் இளைஞரைப் போருக்கு அனுப்புவர். இவ்வெறும்புகள் மூதாட்டியரை அனுப்புகின்றன.

இத்துணைக் கட்டுக்கோப்பான மனையிலும் ஏமாற்றுவோர் நுழைவதுண்டு. லிஃபைரா பிராசோலிஸ் என்னும் பட்டாம்பூச்சியின் புழு முயிற்றுக்கூட்டினுள் தங்கி, அங்குள்ள எறும்புப்புழுக்களையே தின்று வளர்கிறது. அதன் முதுகு தடித்த ஓடு போன்றது. எறும்பின் கடி அதனைத் தீண்டாது. பட்டாம்பூச்சியாகி வெளிவரும்போது அதன் மேனியில் எளிதில் உதிரும் செதில்கள் மூடியிருக்கும். கடிக்கவரும் எறும்பின் வாயிலும் காலிலும் அவை ஒட்டிக்கொள்ள, பட்டாம்பூச்சி தப்பிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் சீன நூல் ஒன்று, முயிற்றுக்கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதையும், நாரத்தை இனப் பழமரங்களில் அவை பூச்சிகளைத் தடுக்கப் பயன்பட்டதையும் குறிப்பிடுகிறது. உயிரினங்களைக் கொண்டு பயிர்ப்பூச்சிகளை அடக்கும் முறைக்கு இதனை மிகப் பழைய சான்றாகக் கொள்வர். ஒடிசாவின் மயூர்பஞ்சு பகுதிப் பழங்குடியினர் இவ்வெறும்பைக் கொண்டு அரைக்கும் துவையல் 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

சன்னலில் ஓர் ஆய்வுக்கூடம்

குளவி என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது, புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே ஆக்கிவிடும் என்னும் பழங்கருத்து. அது மண்கூடு கட்டித் தனித்து வாழும் வேட்டைக் குளவியைப் பற்றியது. அக்குளவி புழுவைக் கொட்டி மயக்கிக் கூட்டில் அடைத்து, அதனோடு தன் முட்டையையும் இட்டு மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு, அடைபட்ட புழுவை உண்டு வளர்ந்து குளவியாகி வெளிவரும். உள்ளே சென்றது புழு, வெளியே வந்தது குளவி என்பதை மட்டும் கண்ட முன்னோர் இடையில் நிகழ்ந்ததை வேறாக ஊகித்தனர். அவர்கள் கண்டது பிழையன்று. ஊகம் மட்டுமே பிழை.

இப்பாடம் கூறவந்த குளவி வேறு. ரோபாலிடியா மார்ஜினேட்டா என்னும் இவ்வினம் தென்னிந்தியாவில் பரவலாக வாழ்வது. மரநாரை மென்று உமிழ்நீரில் குழைத்து, காகிதம் போன்ற பொருளாக்கி, அறுகோண அறைகள் கொண்ட திறந்த கூட்டைக் கட்டும். ஒரு கூட்டில் சில குளவிகளும் இருக்கலாம். பல பத்துக் குளவிகளும் இருக்கலாம். இலட்சங்களில் பெருகும் முயிற்றோடு நோக்க, இது ஒரு கூட்டுக்குடும்பம் அளவே.

இதன் வாழ்வை உலகறியச் செய்தவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கதக்கர். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், பின்னர்ச் சன்னல் குளவியை நோக்கித் திரும்பினார். அவருடைய கருவிகள் எளியவை. ஒவ்வொரு குளவியின் மேலும் வெவ்வேறு வண்ணப் புள்ளிகளை இட்டு, எது எதற்கு ஊட்டுகிறது, எது வெளியே செல்கிறது, எது சும்மா இருக்கிறது என்று மணிக்கணக்கில் நோக்கிக் குறிப்பதே முறை. அவ்வாறு பல்லாண்டுகள் அவரும் அவருடைய மாணவர்களும் திரட்டியவற்றை 2001ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலாக வெளியிட்டது. விலைமிக்க கருவிகள் இல்லாமலும் முதல்தர அறிவியல் செய்யலாம் என்பதை அவர் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறார். அதற்கு அக்குளவியே சான்று.

இக்குளவிகளில் அரசிக்கும் வேலைக்காரிக்கும் உருவத்தில் வேறுபாடு இல்லை. எந்த வேலைக்காரியும் கூட்டைவிட்டு நீங்கித் தனிக்கூடு அமைக்கலாம். அரசி மறைந்தால் அவ்விடத்தை அடையவும் கூடும். அரசியோ மிக அமைதியானவள். பிறரை அதட்டி வேலை வாங்குவதில்லை. தன் இருப்பை ஒரு வேதிப்பொருளால் உணர்த்துவதோடு அமைகிறாள். அவளை ஆய்வாளர் கூட்டிலிருந்து அகற்றினால், வேலைக்காரிகளுள் ஒருத்தி சிறிது நேரத்திலேயே சீற்றம் கொண்டு எழுகிறாள். சில நாள்களில் அவளே முட்டையிடும் அரசியாகிறாள். மற்றவை போட்டியிடுவதில்லை. அடுத்தவள் யார் என்பது ஆய்வாளருக்குத் தெரிவதற்கு முன்பே குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இக்குளவியின் வாழ்வில் பணிகள் வயதுக்கேற்ப மாறுகின்றன. கூட்டைவிட்டு வெளிவந்த இளங்குளவி முதலில் மேற்கொள்வது புழுக்களுக்கு ஊட்டுதல். பின்னர்க் கூடு கட்டுதல். அதன்பின் நார் கொணர்தல். இறுதியாக இரை தேடி வெளியே செல்லுதல். மூத்தவர் கொணர்ந்த இரையை வாயிலிலேயே இளையவர் பெற்றுக்கொண்டு, மென்று, அறை அறையாகச் சென்று புழுக்களின் வாயில் இடுவர். இடர் மிக்க பணியை முதியோரிடமும் தொட்டிற்பணியை இளையோரிடமும் வைப்பதில் எறும்பும் குளவியும் ஒன்றுபடுகின்றன. எனினும் குளவியிடம் ஒரு நெகிழ்ச்சி உண்டு. இளையோர் மட்டுமே உள்ள கூட்டில் சிலர் முன்கூட்டியே இரை தேடச் செல்வர். முதியோர் மட்டுமே எஞ்சினால் சிலர் மீண்டும் செவிலியராவர்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டது அன்று என்பதும் அறியத்தக்கது. குளவிக் குடும்பத்தின் பல இனங்களில், ஊட்டம்பெற்ற புழு தன் வாயிலிருந்து ஒரு துளி நீரைச் சுரந்து ஊட்டிய குளவிக்குத் தருகிறது. அந்நீரில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் உள்ளன. முயிற்றின் புழு இழை தருகிறது. குளவியின் புழு உமிழ்நீர் தருகிறது. சேய் என்பது பெறுவதற்கு மட்டுமே உரியது என்னும் எண்ணத்தை இரண்டு இனங்களும் அசைத்துவிடுகின்றன.

முப்பது நாள் செவிலியும் அறுபது நாள் சேயும்

குளவியின் முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, முழுக்குளவியாக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. வளர்ந்த பெண்குளவியின் சராசரி வாழ்நாள் ஒரு மாதம் அளவே. இவ்விரு கணக்கையும் ஒன்றாக வைத்து நோக்கினால் ஓர் இக்கட்டு வெளிப்படும். தனித்துக் கூடமைக்கும் குளவி, தான் இட்ட முட்டை குளவியாவதைக் காணும்முன் பெரும்பாலும் இறந்துவிடும். அது இறந்தால் அறைகளிலுள்ள புழுக்களும் பசியால் மடியும்; அதுவரை பட்ட பாடு முழுவதும் வீண்.

பலர் கூடி வாழும் கூட்டில் நிலை வேறு. ஒருத்தி இருபது நாள் ஊட்டி இறந்தாலும், அவள் விட்ட இடத்திலிருந்து மற்றொருத்தி தொடர்கிறாள். இருபது நாள் உழைப்பு இருபது நாள் உழைப்பாகவே பயன்தருகிறது. தன் சொந்தப் பிள்ளையைத் தனியே வளர்க்க முயன்று முற்றும் இழப்பதைவிட, உறவினரின் பிள்ளையைப் பலரோடு சேர்ந்து வளர்த்துப் பகுதியேனும் பயன்பெறுவது மேல் என்பதே கதக்கர் முன்வைத்த விளக்கம். பிறர் பிள்ளையைப் பேணுதலுக்கு உறவின் நெருக்கமே காரணம் என்னும் கொள்கையை 1964ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் டபிள்யூ.டி. ஹாமில்டன் நிறுவியிருந்தார். அக்கொள்கை பொய்யாகிவிடவில்லை. எனினும் இக்குளவியின் அரசி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுவதால், கூட்டிலுள்ளோரிடையே உறவு நெருக்கம் எதிர்பார்த்த அளவு இல்லை. ஆதலின் உறவு மட்டுமே முழு விடையாகாது. சாவின் நிச்சயமின்மையும் அவ்விடையில் இடம்பெற வேண்டும்.

இங்கேதான் முயிறும் குளவியும் பிரிகின்றன. முயிற்றின் வேலைக்கார எறும்புக்குத் தனிக்குடித்தனம் என்னும் வழியே இல்லை. அரசியின் உருவமும் உடலும் வேறு, அதனுடையவை வேறு. பேணுதல் அதற்குப் பிறவியிலேயே அமைந்த தொழில். குளவிக்கோ வழி திறந்தே இருக்கிறது. திறந்த வழி இருந்தும் பெரும்பாலானவை தங்கி ஊட்டுகின்றன என்பதால்தான் இவ்வெளிய குளவி, மாபெரும் எறும்புக்குடியைவிட ஆய்வாளரை மிகுதியாக ஈர்க்கிறது. ஒரு சமூகம் எவ்வாறு தொடங்கியிருக்கும் என்னும் வினாவுக்கு, முழுமை பெற்றுவிட்ட மாளிகையைவிட, கட்டப்படும் நிலையிலுள்ள வீடே நல்ல சான்று.

அவ்வழியும் எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. புதிதாக வெளிவந்த பெண்குளவிகளைத் தனித்தனியே பிரித்து வைத்துப் போதிய உணவளித்தபோதும், ஏறத்தாழப் பாதியே முட்டையிட்டன. இளமையில் பெற்ற ஊட்டத்திற்கும் இவ்வேறுபாட்டிற்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் உணர்த்தின. எனில், யார் தாயாவார், யார் செவிலியாவார் என்பதன் ஒரு பகுதி, செவிலியர் வாயிலிருந்து விழும் கவளத்தின் அளவிலேயே முடிவாகிவிடுகிறது.

ஆண் குளவிக்கு ஒரு தேர்வு

எறும்பு, குளவி, தேனீ ஆகியவற்றின் ஆண்கள் பொதுவாக உழைப்பதில்லை. முயிற்றின் ஆண் மணப்பறப்புக்குப்பின் இறந்துவிடும். ரோபாலிடியா குளவியின் ஆண் ஏறத்தாழ ஒரு வாரம் கூட்டில் தங்கி, ஊட்டப்பட்டு, பின் வெளியேறும், திரும்புவதில்லை. இதனைச் சோம்பல் என்று இகழ்வது எளிது. ருசிரா சென் என்னும் ஆய்வாளரும் கதக்கரும் இகழாமல் வினவினர்: ஆணுக்கு ஊட்டும் திறனே இல்லையா, அல்லது ஊட்டுவதற்கு வாய்ப்பு இல்லையா?

ஆண் குளவி வேட்டையாடாது. எனவே அதன் வாயில் ஊட்டுவதற்கான இரை இருப்பதில்லை. பெண்குளவிகளோ புழுக்களைப் பசியோடு விட்டுவைப்பதில்லை. இவ்விரு தடைகளையும் நீக்கினர். பெண்குளவிகளைக் கூட்டிலிருந்து அகற்றி, ஆண்களுக்கு மிகுதியான உணவைக் கையாலேயே அளித்தனர். ஆண்கள் தாம் உண்டதுபோக எஞ்சியதைப் புழுக்களுக்கு ஊட்டத் தொடங்கின. பெண்களைப்போல் திறம்பட ஊட்டவில்லை என்பது உண்மைதான், ஆயினும் ஊட்டின. 2006ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின் தலைப்பே, வாய்ப்பளித்தால் ஆண்களும் ஊட்டும் என்பதுதான். பூச்சி உலகில் தந்தைமை முற்றிலும் புதிதன்று. நம் குளங்களிலும் நெல்வயல்களிலும் வாழும் ஒருவகை நீர்ப்பூச்சியில், பெண் ஒட்டிவைத்த முட்டைகளை முதுகில் சுமந்து பொரிக்கும்வரை காப்பது ஆணே. எனினும் ஆண்கள் பேணும் வழக்கமே இல்லாத ஓர் இனத்தில், அத்திறன் மறைந்து கிடப்பதைக் காட்டியதே சென், கதக்கர் ஆய்வின் சிறப்பு. ஒரு வேலையை ஒருவர் செய்யாதிருப்பதைக் கண்டு, அவரால் அது இயலாது என்று முடிவுகட்டக் கூடாது என்னும் எச்சரிக்கை அறிவியலுக்கு இதனால் கிடைத்தது.

கூடு கலையும் வேளை

பேணும் பண்பில் மிக்கவை என்பதால் இரண்டு இனங்களும் ஒரே வகையில் துணிவுடையவை என்று கருதிவிடலாகாது. முயிற்றின் கூட்டைத் தொட்டால் நூற்றுக்கணக்கில் பாய்ந்து கடித்து, கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சும். உயிர் போகும்வரை பிடியை விடாது. குளவியின் கூட்டைக் கதண்டு தாக்கும்போது நிகழ்வதோ வேறு. வெஸ்பா ட்ரோபிகா என்னும் அப்பெருங்குளவி ரோபாலிடியாவின் பெரும்பகைவன். அது வந்து அறை அறையாகப் புழுக்களை இழுத்துத் தின்னும்போது, வளர்ந்த குளவிகள் எதிர்த்து நில்லாமல் விலகிவிடும். கதண்டோடு பொருது வெல்லும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. நின்று மாண்டால் சேயும் இல்லை, செவிலியும் இல்லை. விலகிப் பிழைத்தால் மீண்டும் கூடமைக்கலாம். இலட்சம் பேர் வாழும் குடியில் நூறு பேர் மடிவது ஒரு கணக்கு. இருபது பேர் வாழும் வீட்டில் ஐந்து பேர் மடிவது மற்றொரு கணக்கு.

கதண்டு வராத கூட்டில் வாழ்வு தொடர்கிறது. வளர்ந்த புழு தன் அறையின் வாயை வெண்பட்டால் மூடிக்கொள்கிறது. அதற்கு முதற்கவளம் ஊட்டியவை பெரும்பாலும் அதற்குள் மறைந்திருக்கும். உள்ளே கூட்டுப்புழுவாய்க் கிடந்து, சிறகும் காலும் பெற்று, ஒருநாள் அம்மூடியைக் கடித்துத் திறந்து இளங்குளவி வெளிவருகிறது. சில நாள்கள் கூட்டின்மேல் அமர்ந்து பிறர் தருவதை உண்கிறது. பின்னர் வெளியிலிருந்து திரும்பிய மூத்தவள் ஒருத்தியின் வாயிலிருந்து ஒரு துண்டு இரையைப் பெற்று, மென்று, பக்கத்து அறைக்குள் தலையை நீட்டுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முயிறு, முசிறு, முசுறு என்னும் பெயர்களுள் எது வழங்குகிறது? பிற எறும்பு வகைகளுக்கும் குளவி வகைகளுக்கும் வழங்கும் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.

2. பாதுகாப்பான தொலைவில் நின்று ஒரு குளவிக்கூட்டையோ எறும்புச் சாரையையோ அரைமணி நேரம் நோக்கி, கண்டவற்றை மட்டும் ஒரு பக்க அளவில் எழுதுக. ஊகித்தவற்றைத் தனியே குறிக்க.

3. ‘பேணுதல் பிறவிக்குணமா, சூழல் தரும் வாய்ப்பா?’ என்னும் தலைப்பில், இப்பாடத்தில் உள்ள ஆய்வுச் செய்திகளைச் சான்றாகக் காட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.